உளிப்பெட்டியும் ஆக்கர் கடைத் தராசும்

நாஞ்சில் நாட்டில் பழைய வீடு ஒன்றைப் பொளிக்கிறார்கள் என்றால் முதலில் வந்து நிற்பவர் மர வியாபாரி. உத்திரம், மச்சுப்பலகை, நிலை, கதவு, பத்தாயம் எல்லாவற்றையும் பார்த்த மாத்திரத்தில் கன அடிக் கணக்காக்கி விலை பேசிவிடுவார். வேலைப்பாடுள்ள தூணும் கதவும் பழம்பொருள் வியாபாரிக்குப் போகும். காரைக்குடியிலும் மட்டாஞ்சேரியிலும் அதற்கென்றே கடைத்தெருக்கள் இருக்கின்றன. எல்லோரும் எடுத்தது போக, சாய்ப்பின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புச் சாமான்களைச் சாக்கில் கட்டி, பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைத் தராசில் வைப்பார்கள். நான் தேடிப் போவது அந்தச் சாக்கை.

அமெரிக்காவில் வீட்டுக்குரியவர் இறந்துபோனால் உள்ளே இருக்கும் பொருள்களையெல்லாம் அந்த வீட்டிலேயே பரப்பி விற்பார்கள். பழைய கருவி தேடுகிறவர்கள் அங்கே விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பதுண்டு. நம் பக்கம் அப்படி விற்கும் வழக்கம் இருந்ததில்லை. கருவி விலைக்கு வருகிற பொருளாகவே அன்று இல்லை. ஆசாரியின் உளிப்பெட்டி மகனுக்குப் போகும். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டால் கூட நின்று தொழில் படித்த பையனுக்குப் போகும். மற்றச் சொத்துகள் அப்படியல்ல. சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள்வழிக் குடும்பங்களின் சண்டையைக் கவிமணி ஒரு நூலாகவே பாடியிருக்கிறார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கென்று சட்டம் கொண்டுவந்த பிறகு கூட்டுச்சொத்துகள் பாகமாகின. வயலுக்கும் பாத்திரத்துக்கும் வழக்காடிய வீடுகளில்கூடக் கோடாலிக்கும் உளிக்கும் யாரும் வழக்காடியதாக நான் கேட்டதில்லை. அவை வேலை செய்கிறவன் கையோடு போயின.

அந்த உளிகளை ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தார். உடம்பு பச்சிரும்பு, வாயில் மட்டும் ஒரு துண்டு எஃகு. இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்தே ஒட்டவைப்பார்கள். எஃகு அன்று விலை கூடிய பொருள் என்பதால் அந்தச் சிக்கனம். ஆனால் அதில் வேறொரு நன்மையும் கிடைத்தது. வாய் கூர்மையை விடாது. மெத்தென்ற பின்பக்கம் கொட்டாப்புளியின் அடியைத் தாங்கும், சாணையும் எளிதில் பிடிக்கும். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் அண்ணாந்து பார்த்தால் மேற்கூரை மரத்தில் 90 வகைப் பூக்கள் தெரியும். அத்தனையும் கைக்கருவி செதுக்கியவை.

இன்று வாசல்கதவு ஆலையிலிருந்து வருகிறது. ரப்பர் மரப் பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் நிலை. பூ வேண்டுமானால் கணினி பார்த்து இயந்திரம் வெட்டித் தருகிறது. இதை நான் குறை சொல்லமாட்டேன். பெரிய தடியை ஈர்வாளால் அறுத்த காலத்தில் கீழே நின்று இழுத்தவர் கண்ணிலும் மூக்கிலும் நாள் முழுக்க மரத்தூள் விழுந்தது. அந்தத் துன்பம் ஒழிந்தது நல்லது. அதற்காக, இன்னும் ஒரு தலைமுறை உழைக்கக்கூடிய உளியைக் கிலோக் கணக்கில் உருக்க அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

சாக்கைக் கொட்டினால் எதை எடுப்பது? துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். கடற்காற்று வீசும் ஊரில் எல்லா இரும்பும் சிவக்கும். மேல்துரு புளிக்கரைசலில் ஓர் இரவு கிடந்தால் விட்டுப்போகும். கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிட்டால் போதும். உளியின் தட்டையான பக்கத்தில், வாயை ஒட்டிக் குழிக்குழியாக அரித்திருந்தால்தான் சிக்கல். அந்தக் குழி தீரும்வரை தேய்த்தால் உளியே தீர்ந்துவிடும். அடுத்து, அரத்தின் முனையால் வாயை மெல்ல உரசிப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் எஃகு உயிரோடிருக்கிறது. பற்றினால் பதம் போய்விட்டது. வாயோரம் நீலம் பாய்ந்திருந்தால் யாரோ மின்சாணையில் சூடேற்றிக் கெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எஃகு 300 பாகை செல்சியசை நெருங்கும்போது அந்த நிறம் வரும், கடினமும் குறையும். மரம் அறுக்கும் வாளை லேசாக வளைத்து விட்டால் நேராகத் திரும்ப வேண்டும். பிடி உடைந்திருப்பது ஒரு குறையே அல்ல.

அதே சாக்கில் இப்போதெல்லாம் பாளை அருவாளும் வருகிறது. பனையேறிகள் அருகிப்போனதால் அதைப் பழைய அரிவாள் என்று மட்டும் சொல்லி எடை போடுகிறார்கள். பாளையைத் தாள்போலச் சீவ எவ்வளவு மெல்லிய வாய் வேண்டும் என்பது அடித்த கொல்லருக்கும் ஏறியவருக்கும் தெரிந்த கணக்கு.

ஆசாரியின் அளவுகோலான முழக்கோல்தான் கிடைப்பதே இல்லை. இரும்பல்லவே, ஆக்கர் கடைக்குக்கூட வராது, அடுப்புக்குப் போய்விடும். 24 விரல் கொண்ட அந்தக் கோல் இன்றைய அளவில் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். அந்த அளவில் எழுப்பிய வீட்டை டேப் பிடித்து அளந்தால் அரையும் காலும் முக்காலுமாக வரும். கோலை வைத்தால் கோலும் விரலுமாகச் சரியாக விழும். பழைய மச்சையோ தட்டியையோ அதன் கணக்கிலேயே செப்பனிட நினைப்பவருக்கு அந்தக் கோல் வேண்டும். வீடு பொளிக்கிறவர்கள் சாய்ப்பில் கிடக்கும் விறகையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். விரலுக்கு விரல் கோடு கீறிய கம்பு ஏதும் கண்டால் எடுத்துவைக்கட்டும்.