அரைத்தால் உயரும் கேம்

இரும்பை அரைத்தால் அது சிறுக்கும். ஆனால் எஞ்சினின் கேம்ஷாஃப்டை முறையாக அரைத்தால், அது வால்வை முன்பைவிட உயரமாகத் தூக்கும்.

கேம் என்பது ஒரு பக்கம் மட்டும் புடைத்த வட்டம். வட்டப் பகுதி, வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் அடியில் சுழலும்வரை வால்வு மூடியிருக்கும். புடைப்பு வந்ததும் திறக்கும். எவ்வளவு திறக்கும் என்பது புடைப்பின் உச்சியான மூக்குக்கும் வட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். வட்டத்தின் ஆரம் 14 மி.மீ., மூக்கு 21 மி.மீ. என்றால் தூக்கல் 7 மி.மீ. மூக்கை விட்டுவிட்டு வட்டத்தை 13 மி.மீ. ஆக்கினால் தூக்கல் 8. குன்றின் தலையில் மண் கொட்டாமல், சுற்றியுள்ள தரையை வெட்டி அதை உயர்த்துவதுபோல.

1932-இல் ஃபோர்டு மலிவு விலையில் வி-8 எஞ்சினைக் கொண்டுவந்த பிறகு, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் கார் ஓட்டிய இளைஞர்களிடம் இந்த வித்தை பரவியது. எட் வின்ஃபீல்டு அதில் முன்னோடி. அவரிடம் கற்ற எட் இஸ்கெண்டேரியன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு பழைய கிரைண்டிங் இயந்திரத்தை வாங்கி, கேம் அரைக்கும்படி மாற்றிக்கொண்டார். மாதிரி கேம் ஒன்றைத் தொட்டபடி ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசையும். சாணைச் சக்கரம் அதே வளைவை இரும்பில் இறக்கும். அந்த ஃபோர்டு எஞ்சினில் வட்டம் சிறுத்த அளவுக்கு டேப்பெட்டில் இடைவெளி விழும். கம்பெனி டேப்பெட்டில் அதைச் சரிசெய்யத் திருகு கிடையாது. திருகு வைத்த டேப்பெட்டைத் தனியாக வாங்கிப் போட வேண்டும்.

உயரத்தைவிட எனக்கு வியப்பு தருவது நேரம்தான். 6000 ஆர்.பி.எம்.மில், கிராங்க் 240 டிகிரி சுற்றும்வரை வால்வு திறந்திருந்தாலும் அது ஒரு நொடியின் 150-இல் ஒரு பங்குதான் நீடிக்கிறது. அதற்குள் சிலிண்டர் நிறைய வேண்டும். இங்கே காற்றின் எடை கைகொடுக்கிறது. வேகமாக ஓடிவரும் காற்று சட்டென நிற்காது. பிஸ்டன் கீழே தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளே நுழைந்துகொண்டேயிருக்கும். அதனால் புதிய வளைவில் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள்.

இது கார் கம்பெனிக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். மெதுவாக ஓடும்போது காற்றுக்கு அந்த வேகம் இருக்காது. ஏறும் பிஸ்டன் உள்ளே வந்ததையே திருப்பித் தள்ளிவிடும். ஐட்லிங்கில் எஞ்சின் குலுங்கும், நெரிசலில் இழுவை போய்விடும். காய்கறி வாங்கப் போகிறவருக்கு அந்த கேம் எதற்கு?

அரைக்கவும் எல்லை உண்டு. கேமின் கடினத்தன்மை பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கிறது; அதைத் தாண்டி அரைத்தால் மெத்தென்ற இரும்பு வெளிப்பட்டு விரைவில் தேய்ந்துபோகும். வளைவு கொஞ்சம் முரடாக இருந்தாலும், உச்ச வேகத்தில் ஸ்பிரிங்கால் வால்வைக் கேமோடு ஒட்டவைக்க முடியாது. வால்வு அந்தரத்தில் மிதக்கும். சில எஞ்சின்களில் பிஸ்டனிலேயே மோதும்.

மெதுவான ஓட்டத்துக்கு ஒரு வளைவு, வேகத்துக்கு இன்னொன்று என இரண்டையும் ஒரே ஷாஃப்டில் செதுக்கி, ஆயில் அழுத்தத்தால் நகரும் சிறு பின் ஒன்றின் மூலம் ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளும் விடெக் எஞ்சினை ஹோண்டா 1989-இல் இன்டெக்ரா காரில் கொண்டுவந்தது.