இறங்குவதும் தேகப்பயிற்சியே!

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ் அடிவாரத்தில் நிற்கும்போது ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பாருங்கள். விடிந்தும் விடியாத வேளையில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாலைந்து பேர் மலைப்பாதையில் நடந்துகொண்டிருப்பார்கள். சைக்கிளில் உட்காராமல் நின்றபடியே மிதித்துக்கொண்டு இளைஞர்கள் சிலர் அவர்களைத் தாண்டிப் போவார்கள். ஏற்காடு போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 அடி உயரம். ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. நடுவில் உள்ள நாலாயிரம் அடியையும் யாரும் காலால் அளப்பதில்லை. இரண்டு வளைவு, மூன்று வளைவு ஏறிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அப்படி வருகிறவர்களில் டாக்டர் சொல்லி வந்தவர்களும் உண்டு. "சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. மாத்திரை பிறகு இருக்கட்டும்; முதலில் நடையைப் போடுங்கள்" என்று கேட்டுவிட்டு வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஏறுவதுதான் பயிற்சி, இறங்குவது அதற்குக் கிடைக்கும் இனாம் என்பது அவர் போடும் கணக்கு. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, சட்டை நனைகிறது. இறங்கும்போதோ ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்துவிடலாம். அதில் என்ன பயிற்சி இருக்க முடியும்?

இந்தக் கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது. இரண்டாம் நாள் காலை, வீட்டு மாடிப்படியில் காலை வைக்கும்போது அது தெரியும். தொடையின் முன்பக்கம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. "இந்த வயசில் உங்களுக்கு எதற்கு மலையும் மடுவும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவருக்கும் அது நியாயமாகப் படுகிறது. மறு ஞாயிறு அடிவாரம் பக்கம் அவர் தலை தெரிவதில்லை. சர்க்கரை மட்டும் தன் வேலையை நிறுத்துவதில்லை.

அந்த வலி ஏறியதால் வந்ததன்று, பெரும்பாலும் இறங்கியதால் வந்தது. அதுதான் வேடிக்கை!

பிரேக் போடும் தசை

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸைக் கவனித்திருப்பீர்கள். டிரைவர் கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வண்டியை இழுத்துப் பிடித்தபடி வருகிறார். சும்மா விட்டால் வண்டி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நம் உடம்பை அப்படி இழுத்துப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. ஏறும்போது அது சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. சுருங்க முயலும் தசையை உடம்பின் கனம் நீட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வோர் அடியிலும் இந்த இழுபறிதான். பழக்கமில்லாத தசையில் அதனால் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றை உடம்பு செப்பனிடும் காலத்தில்தான் வலி. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் போய்விடுகிறது. இதற்கு லாக்டிக் அமிலம் தேங்கியதே காரணம் என்று பலர் இன்னும் சொல்லி வருகிறார்கள். அந்த அமிலம் ஓரிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து குறைந்துவிடுகிறது. மூன்றாம் நாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவது சரியல்ல.

இத்தனை வேலை செய்தும் ஏன் மூச்சு வாங்குவதில்லை? 1952-ம் வருஷம் லண்டனில் ராயல் சொசைட்டியின் மாலைக் கூட்டமொன்றில் இதை ஒரு வேடிக்கையாகவே செய்து காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களைப் பின்னுக்குப் பின் நிறுத்தி ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒன்றில் ஓர் இளைஞர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றதில் ஓர் இளம்பெண் பெடலை எதிர்த்துத் தடுக்க வேண்டும். மிதித்தவர் சீக்கிரமே களைத்து ஓய்ந்தார். தடுத்த பெண்ணுக்கு அதிகச் சிரமமே இல்லை! ஆபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் அதே வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: நீண்டுகொண்டே பாரம் தாங்கும் தசைக்கு, சுருங்கி வேலை செய்யும் தசையைவிட மிகக் குறைந்த பிராணவாயு போதும்.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு சோதனை

சரி, மூச்சே வாங்காத பயிற்சியால் பலன் உண்டா? ஆஸ்திரியாவில் டாக்டர் ஹைன்ஸ் டிரெக்ஸல் இதைச் சோதித்துப் பார்த்தார். உட்கார்ந்தே பழகிய, வியாதியில்லாத 45 பேரை ஆல்ப்ஸ் மலைச்சரிவுக்கு அழைத்துப் போனார். பழனியில் ரோப் கார் இருக்கிறதல்லவா, அதுபோல் அங்கும் ஒன்று உண்டு. இரண்டு மாதம் ஏறுவது மட்டும் நடையில், இறங்குவது கம்பி வண்டியில். இன்னும் இரண்டு மாதம் இதற்கு நேர்மாறு. 2004-ல் முடிவு வெளிவந்தபோது டாக்டர்களே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் ஏறினாலும் குறைந்தது, இறங்கினாலும் குறைந்தது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும்போதுதான் குறைந்தது. குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, ரத்தம் அதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தபோது இறங்கும் நடை நல்ல பலன் காட்டியது.

தைவானில் இதையே மாடிப்படியில் செய்து பார்த்தார்கள். பருமனான வயோதிகப் பெண்கள் 30 பேர், 12 வாரம். பாதிப் பேர் படியேறி லிப்டில் இறங்கினார்கள், மீதிப் பேர் லிப்டில் ஏறிப் படியில் இறங்கினார்கள். 2017-ல் வந்த அந்த முடிவின்படி, இன்சுலின் வேலை செய்யும் திறனும் எலும்பின் உறுதியும் இறங்கியவர்களிடம்தான் கூடுதலாகத் தேறின.

இரண்டுமே சின்னச் சோதனைகள். இவற்றை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் நடையும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்தால் சர்க்கரை வியாதியைத் தள்ளிப் போடலாம் என்பதற்குப் பெரிய சாட்சி நம் சென்னையிலேயே கிடைத்தது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண யோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அவர்கள் மலையேறவில்லை, தினம் அரை மணி விறுவிறு நடைதான்.

எப்படித் தொடங்குவது?

முதல் நாளே வீரம் வேண்டாம். பழக்கமில்லாதவர் அளவு மீறி இறங்கினால், அடிபட்ட தசையில் இன்சுலினின் வேலை ஓரிரு நாள் மந்தமாகவும் கூடும். எதற்காக வந்தாரோ அதற்கே கேடு! முதல் வாரம் கொஞ்ச தூரம் போதும். சின்னச் சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடக்கி இறங்க வேண்டும். கைக்கு ஒரு கோல் இருந்தால் முழங்காலின் பாரம் கொஞ்சம் குறையும். மலைப்பாதையில் வண்டிகள் ஏராளம். பாட்டுக் கேட்கும் கருவியைக் காதில் செருகிக்கொண்டு போவது ஆபத்து. பாதை தோதுப்படாதவருக்குச் சேலத்துக் குமரகிரிப் படிகள் இருக்கின்றன, வீட்டு மாடிப்படியும் இருக்கிறது.

முழங்கால் தேய்ந்தவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்தோ கண் பாதித்தோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று வைத்திருப்பது அவசியம். தொடை வீங்கி, சிறுநீர் கறுத்துப் போனால் அது சாதாரண வலியாகாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி அந்த இரண்டாம் நாள் வலிக்கு மருந்து கொஞ்சம் விசித்திரமானது: இன்னொரு தடவை இறங்குவது! ஒரு முறை இப்படி வேலை வாங்கப்பட்ட தசை அதை மறப்பதில்லை. அடுத்த முறை அதே வேலைக்குச் சேதமும் வலியும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. இந்தக் காப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரர்கள் நாள்தோறும் மேடும் பள்ளமுமாக நடந்தும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காராதது இதனால்தான். அடிவாரத்துக்கு வந்த ஐம்பது வயதுக்காரர் வலி போன பிறகு, வருகிற ஞாயிறன்று அதே வளைவு வரை போய் இறங்கி வரட்டும். செவ்வாய்க்கிழமை காலை மாடிப்படியில் கைப்பிடிச் சுவர் அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.