தையல் டேப் நீளத்துக்கு ஒரு பருந்து

கூழைக்கடாவின் சிறகு விரிவு இரண்டேகால் மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அதே அளவை வராந்தாத் தரையில் சாக்பீஸால் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். ஒருவன் கைகளை விரித்து அதன்மேல் படுப்பான். கோடு மிஞ்சும். மிச்சத்தை நிரப்ப இன்னொருத்தி வந்து படுப்பாள். அதற்குப் பிறகு வேடந்தாங்கலில் கூழைக்கடா தலைக்கு மேலே போனால், சும்மா பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டார்கள்.

தேவைப்படுவது ஒரு தையல் டேப், சாக்பீஸ், கொஞ்சம் இடம். சிட்டுக்குருவியில் தொடங்கலாம்: 19 முதல் 25 செ.மீ. வரை, பெரிய ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். காகத்துக்கு 80 செ.மீ. அளவில் கோடு வேண்டும். ஊர் வானத்தில் வட்டமிடும் கரும்பருந்துக்குச் சுமார் ஒன்றரை மீட்டர். தையல் டேப் 60 அங்குலம், அதாவது 152 செ.மீ.; முழுவதையும் விரித்தால் ஒரு பருந்து.

பிள்ளைகள் பெரும்பாலும் தோளிலிருந்து ஒரு சிறகை அளந்து இரண்டால் பெருக்குவார்கள். நடுவிலிருக்கும் உடம்பு விட்டுப்போகும். சிறகு விரிவு என்பது ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, உடம்பும் சேர்த்து. ஆகவே முதலில் உடம்பை வரைந்துவிட்டு இரண்டு பக்கமும் கோட்டை நீட்டுவது நல்லது.

கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து வளையமிடும் ஆய்வாளர்கள் வழக்கமாக எடுக்கும் அளவு இதுவல்ல. மடித்த சிறகின் வளைவிலிருந்து மிக நீண்ட இறகின் நுனி வரைதான் அளப்பார்கள். உயிருள்ள பறவையின் சிறகை இழுத்து விரித்தால், இழுக்கும் பலத்துக்கேற்ப எண் மாறும், பறவைக்கும் தொல்லை. புத்தகங்கள் சிறகு விரிவை ஒரே எண்ணாகச் சொல்லாமல் இத்தனை முதல் இத்தனை வரை என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் பறவையைத் தொடவே வேண்டாம், கோடு போதும்.

இனி எடைக்கு வருவோம். மனிதர் கைகளை விரித்தால் கிட்டத்தட்ட அவரவர் உயரம் இருக்கும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பிள்ளையும் பருந்தும் அகலத்தில் ஒன்றுதான். ஆனால் பிள்ளை 40 கிலோ இருக்கலாம், பருந்து ஒரு கிலோகூட இல்லை. ஆண் மயிலின் சிறகு விரிவும் ஏறக்குறைய இவ்வளவே, எடையோ 4 முதல் 6 கிலோ. பழைய செய்தித்தாளில் இரண்டு சிறகையும் வெட்டி அருகருகே வைத்தால் வடிவ வேறுபாடு தெரியும். மயிலுடையது அகன்று, முனை மழுங்கியது. விருட்டென்று மரத்துக்கு எழும்ப அது போதும், வானில் மணிக்கணக்கில் மிதக்க உதவாது.

கடைசியாக, தென்கடல்களில் திரியும் பெரிய ஆல்பட்ராஸ். மூன்றரை மீட்டர் வரை போகும் அதன் கோட்டை மைதானத்தில் போடலாம். கோட்டின் மேல் நின்று கைகளை விரித்து இரண்டு நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். தோள் வலிக்கத் தொடங்கிவிடும். ஆல்பட்ராஸுக்கு அந்த வலி இல்லை. அதன் தோளிலுள்ள தசைநாண் விரித்த சிறகைப் பூட்டிப் பிடித்துக்கொள்வதால், தசைகளுக்கு அதிக வேலையில்லாமல் காற்றில் வழுக்கிக்கொண்டே போகும்.