காலடிகள் வென்ற பாதை

ஏரிக்கரை ஓரமாக ஒரு பாதை. ஒரு பக்கம் அலையடிக்கும் நீர்; மறு பக்கம் ஓங்கி நிற்கும் மரங்கள்; மரங்களுக்கு அப்பால் ஆடுகள் மேயும் மேடு பள்ளமான புல்வெளி. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் இல்லை. முழங்கால் நோகும் இறக்கம் இல்லை. முதியவர் கோலூன்றி நடக்கிறார். தாய், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். நடப்பதற்குக் கட்டணம் கேட்பார் இல்லை. 'யாரடா நீ, இங்கே உனக்கென்ன வேலை?' என்று அதட்டுவாரும் இல்லை.

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், ஏரி மாவட்டம் என்று அழைக்கப்படும் வட்டாரத்தில், கெசிக் என்ற சிற்றூரை அடுத்த டர்வெண்ட்வாட்டர் ஏரிக்கரையிலே இன்று காணும் காட்சி இது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ 10 மைல். அவ்வளவு இயலாதவர், ஊரிலிருந்து 'பிரையர்ஸ் கிராக்' என்ற பாறைமுனை வரை சமதளமாகச் செல்லும் பாதையில் நடந்து, ஏரியையும் மலையையும் கண்டு திரும்பலாம்.

"ஆகா, இயற்கை அளித்த கொடை!" என்பர் சிலர். மலை இயற்கை தந்ததுதான்; ஏரியும் இயற்கை தந்ததுதான். ஆனால் பாதை? அதை இயற்கையும் தரவில்லை. இரக்கப்பட்டுச் சீமானும் தந்துவிடவில்லை. சாமான்யர்கள் நடந்து, வாதாடி, வழக்காடி, சிறைபுகுந்து பெற்றார்கள். அந்தக் கதை நம் தோழர்கள் அறியவேண்டிய கதை.

இந்த ஏரி நாட்டின் புகழைப் பரப்பியவருள் முதல்வர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். இந்த வட்டாரம் நாட்டு மக்களின் பொதுச்சொத்துப் போன்றது என்ற கருத்தைத் தம் வழிகாட்டி நூலிலே எழுதியவரும் அவரே. பெருந்தன்மையான கருத்து! ஆனால் 1844-ஆம் ஆண்டு, விண்டர்மியர் ஏரியை நோக்கி ரயில் பாதை போட ஏற்பாடு நடந்தபோது, அதே கவிஞர் பேனா எடுத்து எதிர்த்தார். ஆலை நகரத்துத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினால் அமைதி குலையும், இந்த அழகை உணரும் பயிற்சி அவர்களுக்கு இல்லை என்பது அவருடைய கவலை. பாட்டிலே ஏழைக்கு இடம் கொடுத்தவர், பயணத்திலே இடம் கொடுக்கத் தயங்கினார்! கவிஞரின் பெருமையைக் குறைக்க இதைக் கூறவில்லை. நல்ல உள்ளம் படைத்தவர்கள்கூட, உழைப்பவனுக்கு ஓய்வும் அழகும் எதற்கு என்று எண்ணிய காலம் அது என்பதைக் காட்டவே கூறுகிறோம்.

1847-இல் ரயில் வந்தது. அதற்குள் ஆலைகளிலும் ஒரு மாறுதல் தொடங்கியிருந்தது. நெசவாலைகளில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை இல்லை என்று 1850-இல் சட்டம் வந்தது. அந்த அரைநாள் ஓய்வு, மெல்ல மெல்ல மற்றத் தொழிலாளருக்கும் பரவிற்று. 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. வாரமெல்லாம் தறியின் இரைச்சலையும் புகைபோக்கியின் கரியையும் கண்டவன், ஒரு நாளாவது மரத்தையும் நீரையும் காண வெளியே வந்தான். அவனுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? பல இடங்களில் வேலி! வேலிக்குள்ளே பூட்டிய கதவு!

கெசிக்கிலேயே அது நடந்தது. ஊரை ஒட்டி லாட்ரிக் என்றொரு குன்று. 1,200 அடி உயரம். தலைமுறை தலைமுறையாக ஊரார் ஏறி இறங்கிய குன்று. நிலத்துக்கு உரிமை கொண்டாடிய குடும்பத்தார் அதன் பாதையை அடைத்தனர். ஏரிக்கரையிலும் ஒரு பாதை அடைபட்டது. ஊரார் பாதைப் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாகக் கேட்டனர், எழுதினர், வேண்டினர், பயனில்லை. பிறகு, 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், ஏறக்குறைய 2,000 பேர் திரண்டனர். முன் நின்றவர் ஹென்றி ஜென்கின்சன் என்பவர். கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி மாலுமிகளைச் சாகடிக்கும் கொடுமையை எதிர்த்துப் போராடி, 'பிளிம்சால் கோடு' என்ற பெயரிலே இன்றும் நிலைத்திருக்கும் சாமுவேல் பிளிம்சாலும் உடன் வந்தார். அடைப்புகளை அகற்றிக் குன்றின் உச்சிக்கு நடந்தனர். வழக்கு வந்தது. 1888-இல் கார்லைல் நீதிமன்றத்தில் சமரசத்தில் முடிந்தது. குன்றின் உச்சிக்குப் பொதுமக்களுக்கு ஒரு பாதை உறுதியாயிற்று.

வாதாடியும் பெற்றனர், காசு சேர்த்து வாங்கியும் பெற்றனர். ஆக்டேவியா ஹில் அம்மையார், வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர், கெசிக் வட்டாரத்துப் பாதிரியார் ரான்ஸ்லி ஆகிய மூவரும் 1895-இல் 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். டர்வெண்ட்வாட்டர் ஏரியின் மேற்குக் கரையில் பிராண்டில்ஹோ என்ற சோலை, 108 ஏக்கர், விலைக்கு வந்தது. தனியார் கைக்குப் போனால் மாளிகைகள் முளைக்கும், மக்கள் வெளியே நிற்பர். 6,500 பவுன் வேண்டும். பொதுமக்களிடம் கையேந்தினர். செல்வர் கொடுத்தனர், தொழிலாளரும் தங்களால் முடிந்த ஷில்லிங்குகளை அனுப்பினர். 1902-இல் சோலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏரி மாவட்டத்தில் அந்த அமைப்பு பெற்ற முதல் நிலம் அதுதான்.

கதை இதோடு முடிந்ததா? இல்லை. ஏரி மாவட்டத்துக்குத் தெற்கே, மான்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே, கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம். இரு பக்கமும் தொழில் நகரங்கள். நடுவே பரந்த வெளி. ஆனால் அந்த வெளி, ஆண்டில் சில நாள் பறவை சுட வரும் பிரபுக்களுக்காகக் காவல் காக்கப்பட்டது. பறவைக்கு இடம் உண்டு, பாட்டாளிக்கு இல்லை! 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் சுமார் 400 பேர் தடையை மீறி அங்கே நடந்தனர். காவலாட்களோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். நடக்க ஆசைப்பட்டதற்கு நான்கு மாதம்!

சிறைக்கதவு மூடிற்று, ஆனால் நாட்டின் கண் திறந்தது. அதே 1932-இல் பாதை உரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. மக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, எவரிடமும் அனுமதி கேளாமல், தம் உரிமையெனப் பயன்படுத்தி வந்தால், அது பொதுப்பாதையென்று கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 1949-இல், அட்லியின் தொழிற்கட்சி ஆட்சியில் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. பொதுப்பாதைகளையெல்லாம் வரைபடத்திலே பதிவு செய்யவேண்டும் என்று அது பணித்தது. 1951-இல் கிண்டரை உள்ளடக்கிய பீக் மாவட்டமும் ஏரி மாவட்டமும் தேசியப் பூங்காக்களாயின. 2000-இல் வந்த சட்டம், மலையிலும் மேட்டுநிலத்திலும் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்தது. 2002-இல், கிண்டர் நிகழ்ச்சியின் 70-ஆம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், டெவன்ஷர் பிரபு எழுந்து, தம் பாட்டனார் அன்று செய்தது தவறு என்று வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 70 ஆண்டு கழித்தேனும் வந்த அந்தச் சொல்லை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லை வரவழைத்தவை 400 பேரின் காலடிகள் என்பதை மறவோம்.

உரிமை வந்தபின் அதை எல்லார்க்கும் ஆக்கும் வேலை மிச்சமிருந்தது. பாதை உண்டு, ஆனால் இடையிடையே வேலியைத் தாண்டப் படிக்கட்டு ஏறவேண்டும் என்றால், முடவர் என்செய்வார், முதியவர் என்செய்வார்? அதற்காக ஏரி மாவட்டத்தில் இன்று, ஏறித் தாண்டவேண்டிய படியே இல்லாத பாதைகளைத் தேர்ந்து, செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். அன்று 2,000 பேர் அடைப்பை அகற்றி ஏறினார்களே, அந்த லாட்ரிக் குன்றிலும் அப்படி ஒரு பாதை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் ஏரியைக் கண்டு மகிழலாம். 1972-இல் மூடப்பட்ட ரயில் பாதை, கெசிக்கிலிருந்து திரெல்கெல்ட் வரை நடைபாதையாயிற்று. 2015-இன் புயல் வெள்ளம் அதன் பாலங்களை அடித்துச் சென்றது. மீண்டும் கட்டி 2020-இல் திறந்தனர்.

முழு வெற்றியா? அன்று. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் நிலத்தில் நூற்றுக்கு 8 பங்குக்குத்தான் செல்லும். காடுகளில் பெரும்பகுதியும் ஆற்றங்கரைகளும் அதற்குப் புறம்பே நிற்கின்றன. பக்கத்து ஸ்காட்லாந்திலோ, 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடப்பவருக்குப் பெரும்பாலான நிலமும் நீரும் திறந்திருக்கின்றன. ஒரே தீவில் இருவகை நீதி! ஆகவே அங்கே வழக்காடுவோர் இன்னும் வழக்காடுகின்றனர். நடப்போர் இன்னும் நடக்கின்றனர்.

கூலி உயர்வு கேட்பது உரிமை, வேலை நேரம் குறைப்பது உரிமை என்பதை ஒப்புக்கொள்பவர்கூட, 'ஏரிக்கரையில் உலாவுவதும் ஓர் உரிமையா?' என்று கேட்டுச் சிரிப்பதுண்டு. மான்செஸ்டர் தொழிலாளி அதற்குப் பதில் சொல்லிவிட்டான். உழைப்பைக் குறைத்துப் பெற்ற நேரத்தை எங்கே கழிப்பது? புகையிலேயா, குடியிலேயா? காற்றும் நிழலும் கண்ணுக்கு இனிய காட்சியும் சீமான் வீட்டுச் சீதனமல்ல. சம்பளப் பட்டியலில் எழுதப்படாத கூலி. அதையும் கேட்டுத்தான் பெறவேண்டியிருந்தது.

பெற்றதைக் காப்பதற்கும் அவர்கள் கண்ட வழி எளியது. நடவாத பாதையில் முதலில் புல் முளைக்கும். பிறகு முள் முளைக்கும். அதன் பிறகு வேலி முளைக்கும். அதனால்தான் அவர்கள் மழையென்றும் பனியென்றும் பாராமல், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அந்தப் பாதைகளிலே இன்றும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.