ஒரு சொட்டு சி.டி.சி.

ரியல் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், சென்னையை ஒட்டிய நெசவூரான அனகாபுத்தூரின் தெருக்களில் தறிச் சத்தத்துக்குப் போட்டி ரேடியோதான். வால்யூம் திருகு கரகரத்தால் ரிப்பேர் கடைக்குப் போகும். மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, சிரிஞ்சால் ஒரு சொட்டு சி.டி.சி. விட்டு, திருகை இப்படியும் அப்படியும் நாலு தரம் திருப்புவார். சத்தம் தெளிந்துவிடும். டேப் ரிக்கார்டர் ஹெட்டுக்கும் அதே பாட்டில்தான்.

சி.டி.சி. என்றால் கார்பன் டெட்ராகுளோரைடு. பிசுக்கைக் கரைக்கும், தீப்பிடிக்காது, சட்டென்று உலரும், விலையும் சல்லிசு. திருப்பூரில் பனியன் துணியின் எண்ணெய்க் கறைக்கும் இதையே அடித்தார்கள். லேசாகத் தித்திக்கும் வாசனையுள்ள அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். உலர்ந்த சொட்டோ காணாமல் போகவில்லை. மேலே ஏறி ஓசோனை அரித்தது. பெரிய ஆலைகளில் சர்க்யூட் போர்டு கழுவிய சி.எஃப்.சி.-113 செய்ததும் அதே வேலைதான்.

ஓசோனைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992இல் இந்தியா சேர்ந்தது. சி.எஃப்.சி. தயாரித்த நான்கு இந்திய நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் ஆலை நடத்திய கெம்பிளாஸ்ட். 2008இல் அந்தத் தயாரிப்பு நின்றது; 2010இல் கரைப்பானாக சி.டி.சி.க்கும் கதவு மூடியது. உலகம் கூடிப் போட்ட சட்டம் தெருமுனைக் கடையின் பாட்டில்வரை வந்து சேர்வது அபூர்வம். இது வந்து சேர்ந்தது.

இன்று அந்த இடத்தில் ஸ்ப்ரே டப்பாவும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) பாட்டிலும் பழைய பல் பிரஷும். டப்பாவில் பெரும்பாலும் ஆல்கஹாலோ பெட்ரோலிய வகையோ இருக்கும். தள்ளிவிடுவது பியூட்டேன், புரொப்பேன். ஓசோனுக்குக் கேடில்லை, ஆனால் பற்றி எரியும்; பக்கத்திலேயே சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கிறது! தூசி ஊதும் சில டப்பாக்களில் எச்.எஃப்.சி.-134ஏ என்ற வாயு. அது கரியமில வாயுவைப் போல 1,300 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, மின்சாரம் கடக்கும் காண்டாக்ட் முனை ஏன் கறுக்கிறது என்பது. வெள்ளியும் செம்பும் கந்தகக் காற்றுக்கு ஆகாதவை. அனகாபுத்தூருக்குப் பக்கத்திலேயே தோல் பதனிடும் பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோலிலிருந்து மயிரை எடுக்கச் சோடியம் சல்பைடு வேண்டும். அதோடு, சாக்கடை கலந்து தேங்கும் அடையாற்றில் பிராணவாயு தீர்ந்ததும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்புகிறது: ஹைட்ரஜன் சல்பைடு. கொலுசைக் கறுக்க வைப்பதும், ஸ்விட்ச் வேலை செய்யும் ரிலேயின் வெள்ளி முனையில் கறுப்புப் படலம் கட்டுவதும் இதே வாயுதான்.

அந்தப் படலத்தை ஆல்கஹால் கரைக்காது. எண்ணெயும் தூசியும் போகும், வெள்ளி சல்பைடு அப்படியே நிற்கும். ஆனாலும் டப்பா டப்பாவாக அடிக்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளுக்குள் புகுந்தபோது சேற்றில் ஊறிய போர்டுகளுக்கும் இதே வைத்தியம்தான். சேற்றுக்கு முதல் மருந்து நல்ல தண்ணீரும் முழுக்கக் காய்வதும். ஸ்ப்ரே அதற்குப் பிறகு. கறுத்த முனையை உரசி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரிலேயை மாற்ற வேண்டும்.

மாற்ற ஆள் இல்லாவிட்டால் முழு போர்டும் காயலான் கடைக்குப் போகிறது. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. காயலான் கடைத் தராசு எடையை மட்டும் பார்க்கிறது. அங்கிருந்து கைமாறிப் போகிற இடங்களில் செம்புக்காக ஒயரை எரிப்பார்கள், காண்டாக்டில் ஒரு மைக்ரான்கூட இல்லாத தங்கப் பூச்சுக்காக அமிலத்தில் போடுவார்கள். மிஞ்சிய அமிலத்தை ஊற்றப் பக்கத்துக் கால்வாய் போதும்.