குழந்தையின் சருமமும் கூட்டு மருந்தும்

குழந்தையின் சருமத்தைப் பேணுவது தாய்மாரின் காரியம். மருந்தும் கருவியும் செய்வது தொழிற்சாலைக்காரரின் காரியம். இவற்றில் பொது விவகாரங்களில் ஈடுபட்டவர்களுக்கு என்ன வேலை என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். அரசியல் மேடைகளில் இவ்விஷயம் பேசப்படுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் பெற்றோரின் அன்பு மாத்திரம் போதாமல், சட்டத்தின் துணையும் கொண்டே காக்க வேண்டிய உயிர்கள் சில உண்டு. தன்மேல் பூசுவது என்ன, ஒட்டுவது என்ன என்று கேட்க வாயில்லாத சிசுவின் உயிர் அவற்றுள் முதலாவதாகும். ஆகையால் இதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரிய மனிதன் அன்று. அதன் சருமத்தின் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிடச் சுமார் 30 சதவீதம் மெல்லியது என ஆராய்ச்சியாளர் அளந்து கண்டிருக்கின்றனர். குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கோ அந்த அரண் முற்றும் எழும்பியே இருப்பதில்லை. மேலும், எடையுடன் ஒப்பிட்டால், பிறந்த குழந்தையின் உடற்பரப்பு பெரியவர்களின் உடற்பரப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாகும். எனவே மேலே பூசிய மருந்து உள்ளே அதிகமாகப் புகுகிறது; புகுந்ததைக் கழித்து வெளியேற்ற வேண்டிய ஈரலும் சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. பெரியவர்களுக்கு வெறும் மேற்பூச்சாக இருப்பது குழந்தைக்கு உள்மருந்தாகவே ஆகிவிடலாம்.

இதன் கொடிய சாட்சியத்தை 1972ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசம் கண்டது. குழந்தைகளுக்குப் போடும் ஒரு பவுடரில், தொழிற்சாலைத் தவறினால் ஹெக்ஸாக்ளோரோபீன் என்ற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கும் மேல் கலந்துவிட்டது. தாய்மார்கள் அன்புடன் தூவிய பவுடர் சருமத்தின் வழியே புகுந்து மூளையைத் தாக்கியது. 204 குழந்தைகள் நோயுற்றனர். அவர்களில் 36 பேர் மாண்டனர். விஷத்தை எந்தக் குழந்தையும் விழுங்கவில்லை. சருமமே வாயிலாயிற்று.

இங்கே நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்று உண்டு. தனித்தனியே அபாயம் குறைந்த இரு பொருள்கள் ஒன்றுசேரும்போது மூன்றாவது பொருள் ஒன்று பிறக்கிறது. அதன் குணத்தை அவ்விரண்டின் குணங்களைக் கொண்டு ஊகித்துவிட முடியாது. இதற்கு உதாரணம் தேடி ஆராய்ச்சிச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. குழந்தையின் தொடையிடுக்கில் சிவந்து புண்ணானால், அண்டை வீட்டார் சொற்கேட்டு, மருந்துக் கடையிலிருந்து ஒரு ஸ்டிராய்டு களிம்பு வருகிறது. அதைத் தடவி, மேலே காற்றுப் புகாத டயபரை இறுகக் கட்டுகிறார்கள். இவ்வாறு மூடிய சருமம் திறந்த சருமத்தைவிடப் பன்மடங்கு மருந்தை உறிஞ்சும். நாட்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து கோடு விழுகிறது; மருந்து உள்ளே மிகுந்தால் முகம் ஊதுகிறது; உடல் தானே சுரக்க வேண்டிய ரசமும் குன்றுகிறது. களிம்பு மருந்து, டயபர் உறை. தாய் தன்னை அறியாமலே இரண்டையும் சேர்த்து ஒரு கூட்டு மருந்தைச் செய்துவிடுகிறாள்.

தாய் அறியாமற் செய்வதையே இக்காலத் தொழிற்சாலைகள் அறிந்து செய்கின்றன. மருந்தையும் அதைச் செலுத்தும் கருவியையும் ஒரே பண்டமாக இணைக்கின்றன. கடும் ஒவ்வாமையினால் மூச்சு முட்டும்போது தொடையில் அழுத்தினால் தானே குத்தி அட்ரினலினைச் செலுத்தும் பேனா அவ்வகைப்பட்டது. அதில் வழக்கமாகப் பெரியவர்களுக்கு 0.3 மில்லிகிராம், 15 முதல் 30 கிலோ எடையுள்ள குழந்தைகளுக்கு 0.15 மில்லிகிராம். மருந்தின் அளவு சரியாயிருந்தாலும் ஊசியின் நீளம் பொருந்தாவிட்டால் அது தசையை அடையாமல் நிற்கலாம். அல்லது எலும்பிலே முட்டலாம். சருமத்தில் ஒட்டி மருந்தைச் சிறுகச் சிறுக உட்செலுத்தும் பிளாஸ்திரிகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

இப்பிளாஸ்திரிகள் தந்த பாடங்கள் இரண்டு. பொறுக்கமுடியாத வலிக்குப் பெரியவர்கள் ஒட்டிக்கொள்ளும் பென்டனில் பிளாஸ்திரியில், உபயோகித்துக் கழற்றிய பிறகும் வலிய மருந்து தங்கியிருக்கும். குப்பையிலிருந்து எடுத்தும், உறங்கும் பெரியவரின் உடலிலிருந்து ஒட்டிக்கொண்டும் அது குழந்தைகளைச் சேர்ந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012ல் 15 வருஷக் கணக்கைப் பரிசீலித்தபோது இத்தகைய 26 சம்பவங்களைக் கண்டது. அவற்றில் 10 குழந்தைகள் இறந்துபோயினர். மற்றொன்று, கவனம் நிலைக்காமல் துடுக்கு மிகுந்த சிறுவர்களுக்காகவே செய்த மெதில்பெனிடேட் பிளாஸ்திரி. 2006ல் அனுமதி பெற்ற அது, சிலருக்குச் சருமத்தின் நிறத்தையே நிரந்தரமாகப் போக்கக்கூடும் என்று 2015ல் எச்சரிக்கை வெளிவந்தது. முதலாவதில் வீட்டிலுள்ள குழந்தையைக் கருவி போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவதில் சந்தைக்கு வந்து வெகுநாள் சென்ற பின்னரே தீமை தெளிவாயிற்று.

ஆனால் கூட்டு மருந்தே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. முறையோடு செய்தால் அது குழந்தைகளுக்குப் பெரும் வரமாகும். காம்பியா தேசத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான தடுப்பு மருந்தை நுண்ணிய முட்கள் கொண்ட ஒரு பிளாஸ்திரியில் ஏற்றிப் பரீட்சித்தனர். முதலில் 45 பெரியவர்கள். அதன்பின் 15 முதல் 18 மாதக் குழந்தைகள் 120 பேர். இறுதியில் 9 முதல் 10 மாதச் சிசுக்கள் 120 பேர் என்று படிப்படியாக இறங்கினர். 2024ல் வெளியான முடிவுப்படி, ஒரே தடவை ஒட்டியதில் சிசுக்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குத் தட்டம்மைத் தடுப்புச் சக்தி உண்டாயிற்று. யாருக்கு வேண்டுமோ அவர்களுடைய சருமத்திலேயே, ஜாக்கிரதையுடன், கருவியையும் மருந்தையும் ஒன்றாக வைத்துச் சோதித்தார்கள் என்பதே இதன் சிறப்பு.

பிற தேசங்கள் இதற்குச் சட்டம் வகுத்துள்ளன. அமெரிக்காவில் 1990ம் வருஷச் சட்டம், கூட்டுப் பண்டத்தின் பிரதான வேலையைச் செய்வது மருந்தா கருவியா என்று முதலில் தீர்மானித்து, அதன்படி எந்த இலாகா பொறுப்பேற்பது என நிர்ணயிக்கச் செய்தது. 2002ல் இதற்கென்றே தனி அலுவலகம் அமைக்க வழி செய்தனர். புதிய மருந்துகளைக் குழந்தைகளிலும் ஆராயுமாறு கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அங்கே 2003லும், ஐரோப்பிய யூனியனில் 2007லும் அமலுக்கு வந்தது.

நம் நாட்டில் 1940ம் வருஷத்து மருந்துச் சட்டமே இன்றும் அடிப்படை. 2005ல் மருந்து பூசிய இருதய ஸ்டென்டு முதலிய கருவிகள் அதன்கீழ் வந்தன. 2017ல் கருவிகளுக்குத் தனி விதிகள் பிறந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் வைத்தியக் கருவிகள் யாவும் சட்டத்தின் கண்ணில் மருந்தாயின. ஸ்டிராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டரின் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ல் சர்க்கார் உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. களிம்போ கேட்டவர் கையில் இருக்கிறது. இந்நிலை நீடிக்கலாகாது.

நாம் கோருவன இவை. மருந்தும் கருவியும் இணைந்த எப்பண்டத்தையும் இணைந்த நிலையிலேயே சோதிக்க வேண்டும். குழந்தைகளுக்கு விற்பதானால் அந்தந்த வயதுக் குழந்தைகளிடம் முறைப்படி பரீட்சித்திருக்க வேண்டும். எந்த வயதுக்கு உரியது, எவ்வளவு நேரம் ஒட்டுவது, மேலே மூடலாமா கூடாதா, கழற்றியதை எங்கே போடுவது என்பவற்றை அந்தந்தப் பிரதேச பாஷையில், தாய்மார் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிட வேண்டும். சீட்டின்றி ஸ்டிராய்டு விற்கும் கடைக்கு உரிய தண்டனை கிடைக்க வேண்டும்.

சர்க்காரைக் கேட்பதுடன் நம் கடமை முடியாது. மருந்தினால் வரும் தீங்குகளைத் திரட்ட 2010லும், கருவிகளால் வரும் தீங்குகளைத் திரட்ட 2015லும் இரு தேசியத் திட்டங்கள் ஆரம்பமாயின. தீங்கை எழுதி அனுப்புவோர் இல்லாவிடில் அவை என்ன செய்யும்? கிராமந்தோறும் சென்று ஜனங்களுடன் பழகும் ஊழியர்கள், ஒரு களிம்போ பிளாஸ்திரியோ குழந்தைக்குத் தீங்கு செய்ததாகக் கேட்டால், பண்டத்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரி மூலம் தெரிவிக்கச் செய்ய வேண்டும். வோட்டு இல்லாத பிரஜையின் குறையை எடுத்துரைப்பதும் தேசத்தொண்டேயாகும். அத்தொண்டில் நம் நண்பர்கள் பின்வாங்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.