ஆன்சைட்டுக்கு முன் ஓர் ஊசி

மும்பை-பெங்களூர் நெடுஞ்சாலையைத் தாண்டியதும், புனேயின் மேற்கு ஓரத்தில் ஹிஞ்சேவாடி. வயல்கள் இருந்த கிராமத்தில் இன்று ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க். இன்ஃபோசிஸ், விப்ரோ, காக்னிசன்ட் என்று கண்ணாடிக் கட்டடங்கள். கேன்டீன்களில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். எந்த மொழியானாலும் அங்கே மந்திரச் சொல் ஒன்றுதான்: 'ஆன்சைட்'. அமெரிக்கா, ஐரோப்பா என்றால் பெரும்பாலும் விசா கிடைத்தால் கதை முடிந்தது. வங்கி, தொலைபேசி நிறுவனங்களின் வேலையாக லாகோஸுக்கோ நைரோபிக்கோ போகிறவர்களுக்கு இன்னொரு காகிதம் வேண்டும்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசு பரப்பும் வைரஸ்.)

டிக்கெட் கைக்கு வந்த பிறகு இதை நினைத்துக்கொண்டால் சிக்கல்தான். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். தெருமுனை டாக்டரிடம் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஓர் இடம். மருந்துக் குப்பியில் பல பேருக்கான டோஸ் இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். அதனால் முன்பதிவு, குறிப்பிட்ட கிழமை என்றெல்லாம் காத்திருக்க நேரிடும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு நல்ல செய்தி: 2016 ஜூலை 11 முதல் சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும். அதற்கு முன் 10 ஆண்டு என்று எழுதித் தந்த பழைய அட்டைக்கும் இது பொருந்தும்.

அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு அல்ல, தனிமை வார்டுக்கு: 6 நாள் வரை. இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும் விதிவிலக்கு இல்லை. அதிகாரிகளின் பிடிவாதம் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் காரணம் ஹிஞ்சேவாடியிலேயே இருக்கிறது. கட்டுமான இடங்களில் தேங்கும் தண்ணீரில் வளர்ந்து டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். கொசு இங்கே தயார். வைரஸ் மட்டும்தான் வரவில்லை.

ஒரு முறை வந்துவிட்டதோ என்று பயந்ததுண்டு. 1957-ல் மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சலுக்குக் கட்டியம் கூறுவது குரங்குச் சாவுதான். புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையம் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) ஆராய்ந்ததில் தெரிந்தது, அது உண்ணி பரப்பும் புதியதொரு வைரஸ். 2016-ல் ஆசியா அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. அங்கோலாவில் வேலை பார்த்துத் திரும்பிய 11 பேர் மஞ்சள் காய்ச்சலோடு சீனாவில் வந்திறங்கினார்கள். நல்ல வேளை, அங்கே பரவவில்லை.

அட்டை கேட்கும் நோயையாவது யாரும் மறக்க முடியாது. அட்டை கேட்காத மலேரியாதான் ஆபத்து. 'மலேரியா நமக்குத் தெரியாததா?' என்ற அலட்சியம் வேறு. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் காண்பது மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. பெரியவர்கள் பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ள ஊசி கிடையாது, மாத்திரைதான். மெஃப்ளோகுவின் என்றால் புறப்பட 2 வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்ததும் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் அநேகம். பிறகு காய்ச்சல் வந்தால் 'வைரல் ஃபீவர்' என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். இந்த வகை மலேரியாவில் ஓரிரு நாள் தாமதமே உயிரைப் பறிக்கலாம். திரும்பிய 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதை, டாக்டர் கேட்காவிட்டாலும், முதலில் சொல்லிவிட வேண்டும்.